ஊழியரை எண்ணுவதும் ஊழியரை அறிவதும்

ஒரு நிறுவனத்தின் பணிப்பாளர் சபைக் கூட்டத்தில் நிதிப் பொறுப்பாளர் ரூபாய் சதக் கணக்குடன் பேசுகின்றார். சந்தைப்படுத்தல் பொறுப்பாளர் விற்பனைத் தொகையையும் சந்தைப் பங்கையும் முன்வைக்கின்றார். உற்பத்திப் பொறுப்பாளரிடம் நாளாந்த உற்பத்தி, கழிவு, இயந்திரங்கள் செயலிழந்திருந்த மணித்தியாலங்கள் ஆகிய விபரங்கள் இருக்கின்றன. ஆளணிப் பொறுப்பாளரின் முறை வரும்போது, எத்தனை பேர் புதிதாகச் சேர்க்கப்பட்டனர், எத்தனை பயிற்சிப் பட்டறைகள் நடத்தப்பட்டன என்ற அளவிலேயே அவரது அறிக்கை முடிந்துவிடுகின்றது. புதிய கிளை எங்கே திறக்கப்படுவது, எந்தப் பிரிவு மூடப்படுவது போன்ற தீர்மானங்கள் எடுக்கப்பட்ட பின்னரே அவருக்கு அறிவிக்கப்படுகின்றன. ஆட்களைச் சேர்ப்பதும் நிறுத்துவதுமே அவருடைய பணியாகிவிடுகின்றது.

பெரும்பாலான நிறுவனங்களின் செலவில் சம்பளம் பெரும் பங்கை வகிக்கின்றது என்பதை நோக்கும்போது இது ஒரு விசித்திரமான நிலையாகும். ஓர் இயந்திரம் பழுதடைந்தால் அதற்கான காரணத்தைக் கண்டறியாமல் அடுத்த இயந்திரத்தை எவரும் வாங்குவதில்லை. ஆனால் ஓர் ஊழியர் விலகினால், ஏன் விலகினார் என்று விசாரிக்காமலே அடுத்தவருக்கு விளம்பரம் கொடுக்கப்படுகின்றது.

இந்நிலை மாற வேண்டுமாயின் மனிதவளத் துறையும் அளவீட்டின் மொழியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற கருத்து புதியதன்று. அமெரிக்கரான ஜக் ஃபிட்ஸ்-என்ஸ் 1978 ஆம் ஆண்டில், ஆளணிப் பணிகளை அளக்க முடியும், அளக்கவும் வேண்டும் என வாதிட்டு எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. சரியாக 40 ஆண்டுகளின் பின்னர், 2018 இல், மனிதவளம் பற்றி நிறுவனங்கள் அறிக்கையிடுவதற்கென ஐ.எஸ்.ஓ. 30414 என்னும் சர்வதேச வழிகாட்டல் வெளியானது. இன்று வரவுப் பதிவு, சம்பளப் பட்டியல், விடுமுறை விபரம் அனைத்தும் கணினிகளில் குவிந்து கிடக்கின்றன. எனவே எண்கள் இல்லை என்பது இப்போது பிரச்சினையன்று. அந்த எண்களிடம் எந்தக் கேள்வி கேட்கப்படுகின்றது, யாரைப் பற்றிக் கேட்கப்படுகின்றது என்பதே பிரச்சினையாகும்.

ஃபோர்ட் தொழிற்சாலை கற்ற பாடம்

மனிதவள அளவீடு ஒரு நிறுவனத்தின் போக்கையே மாற்றிய சம்பவங்களுள் மிகப் பழையதும் மிகத் தெளிவானதும் ஹென்றி ஃபோர்டின் மோட்டார் கார்த் தொழிற்சாலையில் நிகழ்ந்ததாகும். அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகருக்கு அருகே ஹைலண்ட் பார்க் என்னுமிடத்தில் இயங்கிய அத்தொழிற்சாலையில் 1913 இல் நகரும் உற்பத்தி வரிசை அறிமுகமானது. உற்பத்தி பெருகியது, ஆனால் தொழிலாளர் நிலைத்திருக்கவில்லை. ஒரே அசைவை நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை வெறுத்து அவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தனர். சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருப்பதற்காக அந்த ஓராண்டில் 52,000 இற்கும் மேற்பட்டோரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆண்டு விலகல் வீதம் 370 சதவீதம்! எந்தவொரு நாளிலும் பத்தில் ஒருவர் வேலைக்கு வரவில்லை.

இந்த எண்ணைக் கண்டவுடன் தொழிலாளர் சோம்பேறிகள் என்ற முடிவுக்கு வருவது எளிது. அங்கு ஆளணி விடயங்களுக்குப் பொறுப்பாயிருந்த ஜோன் லீ அவ்வாறு செய்யவில்லை. விலகலுக்கான காரணங்களை அவர் ஆராய்ந்தார். நீண்ட வேலை நேரம், குறைந்த கூலி, மேற்பார்வையாளர்களின் தான்தோன்றித்தனமான நடத்தை என்பன வெளிப்பட்டன. ஒரே தரமான வேலைக்கு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கூலி வழங்கப்பட்டு வந்தமையும் தெரியவந்தது. 1913 ஒக்டோபரில் 69 ஆக இருந்த கூலிப் படிநிலைகள் 8 ஆகக் குறைக்கப்பட்டன. விரும்பியபடி ஆட்களை வேலைநீக்கும் அதிகாரம் மேற்பார்வையாளர்களிடமிருந்து எடுக்கப்பட்டது. 1914 ஜனவரியில் ஒன்பது மணித்தியால வேலைநாள் எட்டாகக் குறைக்கப்பட்டு, 2 டொலர் 34 சதமாக இருந்த நாட்கூலிக்குப் பதிலாக 5 டொலர் வழங்கப்படும் என அறிவிக்கப்பட்டது. விலகல் வீதம் 1914 இல் 54 சதவீதமாகவும் 1915 இல் 16 சதவீதமாகவும் வீழ்ந்தது.

ஃபோர்ட் இதனைத் தருமமாகச் செய்யவில்லை. புதியவர்களைச் சேர்த்துப் பழக்குவதற்கும், பழகாத கைகளால் பழுதாகும் பொருளுக்கும் ஆகும் செலவு, கூலி உயர்வின் செலவோடு ஒப்பிடப்பட்டது. செலவுக் குறைப்புக்காக எடுத்த மிகச் சிறந்த நடவடிக்கைகளுள் ஒன்று அதுவென அவரே பின்னர் கூறினார். கூலி என்பது வெறும் செலவு அல்ல, அது ஒரு மூலோபாயத் தீர்மானம் என்பதை உணர்த்தியது அந்த 370 என்ற எண்ணே.

ஆயினும் இக்கதைக்கு மறுபக்கமும் உண்டு. 5 டொலரில் ஏறக்குறைய பாதி, இலாபப் பங்கு என்ற பெயரில் நிபந்தனையுடனேயே வழங்கப்பட்டது. நிறுவனத்தின் சமூகவியல் திணைக்களத்தைச் சேர்ந்த பரிசோதகர்கள் தொழிலாளரின் வீடுகளுக்குச் சென்று, சேமிப்பு எவ்வளவு, குடிப்பழக்கம் உண்டா, வீடு துப்புரவாக உள்ளதா என்றெல்லாம் விசாரித்துக் குறித்துக்கொண்டனர். தொழிலாளரில் பெரும்பாலானோர் வெளிநாடுகளில் பிறந்து குடியேறியவர்கள். சிரியாவிலிருந்து சென்ற முஸ்லிம்களும் அவர்களுள் இருந்தனர். தமது வாழ்க்கை முறை யாரோ ஒருவரின் அளவுகோலுக்குப் பொருந்தாவிடின் கூலி குறையும் என்ற நிலையில் அவர்கள் வாழ்ந்தனர். தொழிலை அளக்கத் தொடங்கிய கை, தொழிலாளியின் அடுப்படி வரை நீண்டது. நூறாண்டுகளுக்கு முந்திய இந்த எச்சரிக்கை இன்று கைப்பேசியும் கண்காணிப்புக் கமெராவும் உள்ள காலத்தில் மேலும் பொருந்துகின்றது.

எண்ணிக்கையிலிருந்து காரணத்துக்கு

அளவீடு எவ்வாறு மூலோபாயமாக மாறுகின்றது என்பதை ஓர் எளிய கற்பனைக் கணக்கின் மூலம் விளக்கலாம். 800 பேர் பணியாற்றும் ஓர் ஆடைத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். ஓராண்டில் 360 பேர் விலகினர் எனில், விலகல் வீதம் 45 சதவீதமாகும். இது முதற்படி. இந்த எண் கவலையைத் தரும், வழியைக் காட்டாது. சம்பளத்தைக் கூட்டுவோம் என்பார் ஒருவர். இக்கால இளைஞருக்குப் பொறுமையில்லை என்பார் இன்னொருவர்.

இரண்டாம் படியில் அந்த 360 பேரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அவர்களுள் 240 பேர் சேர்ந்து மூன்று மாதங்களுக்குள்ளேயே விலகியவர்கள் என்று தெரியவந்தால், பிரச்சினை பெரும்பாலும் ஆட்சேர்ப்பிலும் ஆரம்பப் பயிற்சியிலும் உள்ளது. வேலையைப் பற்றிக் கூறப்பட்டது ஒன்றாகவும், வந்து கண்டது வேறொன்றாகவும் இருந்திருக்கலாம். தங்குமிடமோ போக்குவரத்தோ பொருந்தாதிருக்கலாம். எஞ்சிய 120 பேரில் 50 பேர் பன்னிரண்டு உற்பத்தி வரிசைகளுள் இரண்டே இரண்டு வரிசைகளிலிருந்து சென்றவர்கள் எனில், அங்குள்ள மேற்பார்வையை நோக்க வேண்டும். பொதுவாக அனைவருக்கும் சம்பளம் கூட்டினாலும் இவ்விரு பிரச்சினைகளும் தீரப்போவதில்லை.

மூன்றாம் படியில் செலவு கணிக்கப்படுகின்றது. விளம்பரம், நேர்முகத் தேர்வு, பயிற்சிக் காலச் சம்பளம், முழு வேகத்தை எட்டும் வரை இழக்கப்படும் உற்பத்தி ஆகியவற்றைக் கூட்டினால் ஒருவரின் விலகல் நிறுவனத்துக்கு எத்தனை மாதச் சம்பளத்துக்குச் சமமான நட்டம் என்பது தெரியவரும். அத்தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, தங்குமிடத்தைத் திருத்துவதற்கு இவ்வளவு தாருங்கள், இவ்வளவு மிஞ்சும் என்று கேட்கும் ஆளணிப் பொறுப்பாளரைப் பணிப்பாளர் சபையால் புறக்கணிக்க இயலாது. நான்காவது படி, மாற்றத்தைச் செய்த பின் மீண்டும் அளந்து பார்த்தலாகும். இதனைப் பலரும் செய்வதில்லை. நடத்திய பயிற்சிப் பட்டறைகளின் எண்ணிக்கையை அறிக்கையிடும் நிறுவனங்கள், அப்பட்டறைகளால் என்ன மாறியது என்பதை அறிக்கையிடுவது அரிது.

முகாமையாளரையும் அளத்தல்

இந்த முறை எங்கு கொண்டுசெல்லும் என்பதற்குக் கூகுள் நிறுவனத்தின் அனுபவம் அண்மைக்கால உதாரணமாகும். முகாமையாளர்கள் உண்மையில் தேவைதானா என்ற ஐயம் அந்நிறுவனப் பொறியியலாளர்களிடையே நிலவியது. இக்கேள்வியையே 2009 இல் அதன் மனிதவளப் பகுப்பாய்வுக் குழு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. ஊழியர் கருத்துக் கணிப்புகளும் முகாமையாளர்களின் செயற்றிறன் மதிப்பீடுகளும் ஒப்பிடப்பட்டன. நல்ல முகாமையாளரின் கீழ்ப் பணியாற்றுவோர் நிறுவனத்தில் நிலைத்திருக்கும் வாய்ப்பு அதிகம் எனத் தெரியவந்தது. நல்ல முகாமையாளருக்குரிய எட்டு இயல்புகள் வரிசைப்படுத்தப்பட்டபோது, நன்கு பயிற்றுவிக்கும் ஆற்றல் முதலிடத்தைப் பெற்றது. தொழில்நுட்பத் திறன் எட்டாமிடத்திலேயே நின்றது. மிகத் திறமையான தொழில்நுட்பவியலாளரையே தலைவராக்கும் வழக்கம் கொண்ட ஒரு நிறுவனத்துக்கு இது எதிர்பாராத விடையாக அமைந்தது.

அதே நிறுவனம், குழந்தை பெற்ற பெண் ஊழியர்கள் விலகும் வீதம் ஏனையோரின் வீதத்தைப் போல் இரு மடங்காக இருப்பதையும் கண்டது. 2007 இல் சம்பளத்துடனான மகப்பேற்று விடுமுறை 12 வாரங்களிலிருந்து 18 வாரங்களாக உயர்த்தப்பட்டது. அதன் பின்னர் அத்தாய்மாரின் விலகல் பாதியாகக் குறைந்ததாக அந்நிறுவனத்தின் உயரதிகாரியாக விளங்கிய சூசன் வொஜ்சிக்கி குறிப்பிட்டுள்ளார்.

ஃபோர்டிலும் கூகுளிலும் பொதுவாகக் காணப்படும் ஓர் அம்சம் உண்டு. இரு இடங்களிலும் அளவுகோல் ஊழியரை நோக்கி மாத்திரம் நீட்டப்படவில்லை. மேற்பார்வையாளர், முகாமையாளர், கூலி முறை, விடுமுறை விதி என நிறுவனம் தானே மாற்றக்கூடியவற்றின் மீதும் அது வைக்கப்பட்டது. அளவீட்டினால் பயன் விளைந்ததற்கு இதுவே காரணம் எனலாம்.

அளவுகோல் தவறும் இடங்கள்

அளவீடு இலக்காக மாறும்போது அது தன் பயனை இழக்கின்றது. அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டு வகைக் கணக்குகளையும் சேவைகளையும் விற்க வேண்டும் என்பது ஊழியர் மீது சுமத்தப்பட்ட இலக்காக இருந்தது. இலக்கை எட்டாதவர் வேலையை இழக்கலாம் என்ற அச்சத்தில், வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டெம்பரில் வங்கிக்கு 18 கோடி 50 இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டபோது, அவ்வாறு திறக்கப்பட்டிருக்கக்கூடிய கணக்குகளின் தொகை 20 இலட்சம் வரை எனக் கூறப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் அதற்கு முன்னரே வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். எண்கள் மாதந்தோறும் உயர்ந்தன, நம்பிக்கை தகர்ந்தது.

மற்றொரு தவறு இன்னும் நுட்பமானது. அமேசன் நிறுவனம் 2014 இலிருந்து வேலை விண்ணப்பங்களைத் தானாகவே தரப்படுத்தும் ஒரு கணினி முறையை உருவாக்க முயன்றது. கடந்த பத்தாண்டுகளில் கிடைத்த விண்ணப்பங்களிலிருந்து அது கற்றுக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எனவே பெண்கள் என்ற சொல் இடம்பெற்ற விண்ணப்பங்களுக்கு அது குறைந்த மதிப்பை வழங்கத் தொடங்கியது. அம்முயற்சி கைவிடப்பட்டதை 2018 இல் ரொய்ட்டர் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. கணினிக்கு எவர் மீதும் வெறுப்பில்லை. ஆனால் நேற்றைய பாரபட்சத்தை அது நாளைய விதியாக்கிவிட்டது.

தமிழ் பேசும் மக்கள் இதனை அந்நிய நாட்டுச் செய்தியாக மாத்திரம் வாசித்துவிட முடியாது. இலங்கையில் ஒரு விண்ணப்பதாரியின் பெயரும் பாடசாலையும் மாவட்டமும் அவரது இனத்தையும் மதத்தையும் ஒருவாறு சொல்லிவிடும். கடந்த காலத்தில் எம்மவரை அரிதாகவே சேர்த்துக்கொண்ட ஒரு நிறுவனத்தின் பதிவுகளிலிருந்து கற்கும் கணினி, அந்த அரிதான நிலையையே தகுதியின்மை எனப் பொருள்கொள்ளும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன, மத விபரங்களை விசேட பாதுகாப்புக்குரியவை என வகைப்படுத்துவது வரவேற்கத்தக்கது. ஆயினும் சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திராமல், தேர்வின் ஒவ்வொரு கட்டத்திலும் எந்தச் சமூகத்தவர் எவ்வளவு வீதம் விலக்கப்படுகின்றனர் என்பதை நிறுவனங்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். பாரபட்சத்தை மறைக்கவும் அதனை வெளிக்கொணரவும் ஒரே எண்களே பயன்படும்.

செக்ரோல் சொல்லாதவை

எமது நாட்டில் ஊழியரை அளக்கும் வழக்கம் கணினியோடு வந்ததன்று. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் தேயிலையைப் பயிரிட்ட காலத்திலிருந்து வளர்ந்த பெருந்தோட்டத் துறையில், ஒவ்வொரு தொழிலாளியும் ஒவ்வொரு நாளும் அளக்கப்பட்டே வந்துள்ளார். செக்ரோலில் பெயர் விழுகின்றது. கொழுந்து நிறுக்கப்படுகின்றது. சாக்குக்கும் ஈரத்துக்கும் எனக் கிலோ கழிக்கப்படுகின்றது. குறித்த நிறை இல்லையேல் அரைப்பேர். உலகில் இவ்வளவு நீண்ட காலமாக இவ்வளவு நுணுக்கமாகப் பதிவு செய்யப்பட்ட தொழிலாளர் கூட்டம் மிகச் சிலவே இருக்கக்கூடும்.

இவ்வளவு பதிவுகள் இருந்தும் தொழிலாளர் தோட்டத்தை விட்டுச் செல்வதைத் தடுக்க முடியவில்லை. 1992 இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் முகாமைத்துவம் ஒப்படைக்கப்பட்டபோது இருந்த தொழிலாளர் தொகையில் பாதியளவினர்கூட இன்று அக்கம்பனித் தோட்டங்களில் இல்லை. ஆட்பற்றாக்குறை என்று கம்பனிகள் முறையிடுகின்றன. கூலி போதாது என்று தொழிலாளர் கூறுகின்றனர். இரு தரப்பினரும் ஒரே செக்ரோலின் முன்னே நின்றுதான் இதனைக் கூறுகின்றனர்.

கிலோ என்ற அளவு தொழிலாளியை மாத்திரம் அளப்பதில்லை. செடியின் வயது, உரம், மழை, நிரையில் உள்ள வெற்றிடங்கள் அனைத்தும் அந்தத் தராசில் ஏறுகின்றன. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அவ்வாண்டில் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு வீழ்ந்தது. அந்த ஓராண்டுக்குள் கொழுந்து பறிப்போர் அனைவரும் திறமை குன்றிவிடவில்லை; செடிக்கு ஊட்டம் இருக்கவில்லை. கிலோவை ஆளின் கணக்கில் மாத்திரம் எழுதும் வழக்கத்தின் குறை இதிலிருந்து நன்கு புலப்படும்.

வரவுக் கொடுப்பனவின் கதையும் கவனத்துக்குரியது. 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் 730 ரூபா நாட்சம்பளத்துள் 60 ரூபா வரவுக்கான கொடுப்பனவாக அமைந்தது. 2019 ஒப்பந்தத்தில் அது நீக்கப்பட்டது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், சம்பளத்தை 1,550 ரூபாவாக்குவதுடன் நாளொன்றுக்கு 200 ரூபாவை வரவு ஊக்குவிப்பாக அரசாங்கமே வழங்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. கொடுப்பதும் நீக்குவதும் மீண்டும் கொடுப்பதும் பேரம் பேசலின் விளைவுகளாகவே இருந்துவந்துள்ளன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் வரவு எவ்வாறு இருந்தது, யாருடைய வரவு கூடியது, யாருடையது கூடவில்லை என்பதை வைத்தே இத்தீர்மானங்கள் எடுக்கப்பட வேண்டும். பொதுப் பணம் செலவாகும்போது இக்கணக்கைக் கேட்கும் உரிமை மக்களுக்கும் உண்டு.

அதற்குத் தேவையான விபரம் ஏற்கெனவே செக்ரோலில் உள்ளது. எந்த டிவிசனில் வரவு குறைகின்றது? எந்த மாதங்களில்? பிள்ளைப் பராமரிப்பு நிலையம் ஒழுங்காக இயங்கும் டிவிசனில் இளந்தாய்மாரின் வரவு எப்படி, இயங்காத இடத்தில் எப்படி? எந்த மேற்பார்வையாளரின் கீழ் அதிகமானோர் விலகுகின்றனர்? நிறுவைக் கழிவு கூடிய மாதத்துக்கு அடுத்த மாதம் எத்தனை பேர் வெளி வேலைக்குச் சென்றனர்? இவை எவையும் விலையுயர்ந்த மென்பொருளை வேண்டி நிற்பவையல்ல. ஒரு தோட்டத்து எழுதுவினைஞரும் ஒரு கணினியும் போதும்.

ஆனால் இக்கேள்விகளில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இவற்றின் விடைகள் தொழிலாளியை மாத்திரமன்றி மேற்பார்வையையும் முகாமைத்துவத்தையும் சுட்டிக்காட்டக்கூடும். இதுவரை இக்கேள்விகள் பரவலாக எழாமைக்குக் கணித அறிவின் குறைவு காரணமன்று. அந்த விடைகளை எதிர்கொள்ளும் துணிவின் குறைவே காரணம் எனத் தோன்றுகின்றது.

செய்ய வேண்டியவை

மனிதவள அளவீட்டை ஆரம்பிக்க விரும்பும் எந்த நிறுவனமும், அது தோட்டமாயினும் ஆடைத் தொழிற்சாலையாயினும் அரச திணைக்களமாயினும், சில விடயங்களைக் கருத்திற்கொள்வது நன்று. முதலில், அளவுகளைத் தேடுவதற்கு முன் தீர்மானத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். எந்த முடிவை எடுப்பதற்காக அளக்கின்றோம் என்று கூற இயலாவிடின், அந்த அளவீடு அலுமாரிக்குச் செல்லும் அறிக்கையாகவே முடியும். அடுத்து, ஊழியரைப் பற்றிய ஒவ்வோர் அளவுக்கும் இணையாக நிறுவனத்தைப் பற்றிய ஓர் அளவையும் வைக்க வேண்டும். வரவின்மைக்கு அருகே மேற்பார்வையின் தரமும், பறித்த கிலோவுக்கு அருகே செடியின் நிலையும் எழுதப்பட வேண்டும்.

மூன்றாவதாக, அளக்கப்படுவோர் அதனை அறிந்திருக்க வேண்டும். எது பதியப்படுகின்றது, எதற்காக, யார் பார்க்கின்றனர் என்பது ஊழியருக்கு அவரது மொழியில் கூறப்பட வேண்டும். பிழையெனில் திருத்தும் வழியும் இருக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இவ்விடயத்தில் விழிப்படைதல் அவசியம். கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்குக் கம்பனி எண்களுடன் வரும்போது சங்கம் கோஷங்களுடன் மாத்திரம் செல்வது போதாது. தமது அங்கத்தவரின் வரவு, வருமானம், கழிவு, விலகல் பற்றிய கணக்கைச் சங்கங்களும் தாமே வைத்திருப்பின் பேச்சுவார்த்தையின் தன்மையே மாறிவிடும்.

ஊழியர் ஏன் வருகின்றனர், ஏன் நிற்கின்றனர், ஏன் செல்கின்றனர் என்று அறிந்த நிறுவனம், அவர்கள் சென்ற பின் ஆட்பற்றாக்குறை என்று புலம்ப வேண்டியதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தொழிலாளியின் கூடையை நிறுத்துவந்த தராசு, இனி நிறுவனத்தின் பொறுப்பையும் சேர்த்து நிறுக்கட்டும்.